முட்டை ஓடும் பவளத் தீவும்

நாமக்கல்லிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் சாலை வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து தென்மேற்குத் திசையில் கடல்மேல் 700 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சென்றால் மாலே என்னும் நகரம் வரும். மாலத்தீவுக் குடியரசின் தலைநகரம் அது. நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகளின் முட்டைகள் இந்த வழியில் அந்த நாட்டுக்குச் செல்கின்றன.

எத்தனை முட்டைகள்? இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும் 1981-இல் ஏற்பட்ட வணிக ஒப்பந்தத்தின்படி, அந்நாட்டுக்கு ஆண்டுதோறும் இன்ன பொருளில் இவ்வளவு அனுப்பலாம் என்று நம் அரசு உச்ச அளவு வகுக்கிறது. 2024-25-ஆம் ஆண்டுக்கு முட்டைக்கு விதித்த அளவு 42 கோடியே 75 லட்சம். மாலத்தீவில் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழ்வோர் சற்றேறக்குறைய 5 லட்சத்து 15 ஆயிரம் பேர். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 830 முட்டை! ஒரு நாளைக்கு இரண்டுக்கும் மேல். அங்குள்ளோர் அவ்வளவு முட்டைப் பிரியர்களா என்று எண்ண வேண்டாம். அந்நாட்டுக்கு வந்து போகும் சுற்றுலாப் பயணிகள் 2024-இல் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். காலைச் சிற்றுண்டியில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

முட்டை மட்டுமன்று. அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, உருளைக்கிழங்கு, வெங்காயம், பருப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன. கடைசியில் இரண்டு விந்தையான பொருள்களும் இருக்கின்றன: ஆற்று மணலும் கருங்கல் ஜல்லியும். இரண்டுக்கும் 10 லட்சம் டன் வீதம் அளவு வகுத்திருக்கிறார்கள். நாற்புறமும் வெண்மணல் சூழ்ந்த ஒரு நாடு மணலை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண, அந்த நாடு எதனால் ஆனது என்பதை முதலில் அறிய வேண்டும்.

எரிமலைமேல் எழுந்த நாடு

மாலத்தீவு ஒரு தீவன்று. ஏறத்தாழ 1,190 சிறு தீவுகளின் கூட்டம். வடக்கே மினிக்காய்த் தீவுக்குத் தெற்கிலிருந்து நிலநடுக்கோட்டைத் தாண்டி, 800 கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் அவை சிதறிக் கிடக்கின்றன. ஆனால் அத்தனை தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் 300 சதுரக் கிலோமீட்டர்தான். நாமக்கல் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மக்கள் வாழும் தீவுகள் இருநூறுக்குள் அடங்கும்.

உயரமும் அப்படித்தான். தீவுகளின் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 1.5 மீட்டர் அளவே. இயற்கையாக அமைந்த மேட்டு நிலம் இரண்டரை மீட்டரை எட்டுவதே அரிது. நாமக்கல் ஊர் நடுவே ஒரே பாறையாக நிற்கும் மலைக்கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதன் படிகளில் பதினைந்து ஏறினால் போதும். மாலத்தீவின் மேட்டு நிலங்களுக்கு மேல் நின்றுவிடுவீர்கள்.

இந்தத் தீவுகள் தனித்தனியாகக் கிடக்கவில்லை. வளையம் வளையமாக அமைந்துள்ளன. நடுவில் ஆழமற்ற அமைதியான நீர். சுற்றிலும் பவளப் பாறை வரம்பு. வரம்பின்மேல் அங்கங்கே சிறு தீவுகள். இத்தகைய வளையத்துக்கு மாலத்தீவின் திவேகி மொழியில் 'அதொளு' என்று பெயர். ஆங்கிலம் உட்பட உலக மொழிகள் பலவும் அச்சொல்லையே எடுத்துக்கொண்டு 'அட்டோல்' என்கின்றன. நாம் பவளவட்டம் என்போம்.

வட்டம் எப்படி உண்டாயிற்று? இதற்கு 1842-இல் விடை எழுதியவர் சார்லஸ் டார்வின். பரிணாமக் கொள்கையை உலகுக்குத் தந்த அதே டார்வின்தான். அவர் மாலத்தீவுக்குப் போனதில்லை. இந்துமாக் கடலின் கீழ்ப்பகுதியிலுள்ள கோக்கோஸ் தீவுகளை 1836-இல் பார்த்தார். வெப்பக் கடலில் ஓர் எரிமலை தலை தூக்குகிறது. அதன் கரையைச் சுற்றிப் பவளங்கள் வளர்கின்றன. பிறகு எரிமலை அணைந்து, குளிர்ந்து, மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்கிறது. பவளங்களோ வெளிச்சத்தை நாடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கின்றன. இறுதியில் எரிமலை மறைந்து போகிறது. அதைச் சுற்றியிருந்த பவள வளையம் மட்டும் நிற்கிறது. அவர் சொன்னது பெரும்பாலும் சரி. கடல் மட்டம் பனி யுகங்களில் நூறு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கியதும் இந்த வளையங்களைச் செதுக்கியது என்பதைப் பிற்கால விஞ்ஞானிகள் சேர்த்துச் சொன்னார்கள்.

மாலத்தீவில் கிணறு துளைத்துப் பார்த்தபோது, 2 கிலோமீட்டர் அளவுக்குச் சுண்ணாம்புப் பாறையே வந்தது. அதற்கும் அடியில்தான் எரிமலைப் பாறை. இந்த எரிமலைகளைப் பெற்ற பூமியின் அதே வெப்ப ஊற்றே, சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரத்தின் தக்காணப் பாறைகளைக் கக்கியது. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர நகர, ஊற்றின்மேல் புதுப்புது எரிமலைகள் தோன்றின. ஆகவே பருத்தி விளையும் கரிசல் பூமியும் மாலத்தீவின் அடித்தளமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் மிகையாகாது.

தீவின் வெண்மணல் எங்கிருந்து வந்தது? ஆறு கொண்டுவந்தது அல்ல. அங்கே ஆறே கிடையாது. பவளப் பாறையில் படர்ந்த பாசியைக் கிளிமீன்கள் அலகு போன்ற வாயால் சுரண்டித் தின்கின்றன. பாசியோடு பாறையும் வயிற்றுக்குள் போய், அரைபட்டு, மணலாக வெளியேறுகிறது. ஒரு பெரிய கிளிமீன் ஓர் ஆண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலை இவ்வாறு வெளியேற்றும். வெளிநாட்டுப் பயணிகள் பணம் கொடுத்துப் படுத்துக் கிடக்கும் கடற்கரையில் பெரும்பகுதி மீனின் கழிவுதான்!

நம் ஆற்று மணல் முக்கியமாகக் குவார்ட்ஸ், கடினமானது. மாலத்தீவின் மணல் முழுவதும் கால்சியம் கார்பனேட், மென்மையானது, உப்பேறியது. கான்கிரீட்டில் உள்ள இரும்புக் கம்பியை உப்பு அரித்துவிடும். கருங்கல்லோ அங்கே பெயருக்குக்கூட இல்லை. முன்னாளில் கடலடியிலிருந்து பவளக் கல்லை வெட்டி எடுத்து வீடு கட்டினார்கள். மாலே நகரில் 1658-இல் கட்டி முடித்த பழைய பள்ளிவாசல் பவளக் கல்லால் ஆனது. அதில் செதுக்கிய வேலைப்பாடு புகழ்பெற்றது. ஆனால் பவள வரம்புதான் தீவைக் காக்கும் அலைதாங்கி. அதை உடைத்து வீடு கட்டுவது, கரையை உடைத்துக் களத்துமேடு போடுவது போன்ற வேலை. இதை உணர்ந்து பவளக் கல் எடுப்பதைக் கட்டுப்படுத்தினார்கள். அன்றிலிருந்து ஜல்லியும் மணலும் கப்பலேறத் தொடங்கின.

பத்தடியில் தண்ணீர், ஆயிரம் அடியில் தண்ணீர்

மாலத்தீவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நாமக்கல் வட்டாரத்தில் பெய்வது 700, 800 மில்லிமீட்டர். இரண்டு மடங்குக்கு மேல் மழை பெய்யும் நாட்டில் தண்ணீருக்கு என்ன குறை?

திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரிகளை இந்தியாவில் எந்த மூலையிலும் காணலாம். கெட்டிப் பாறையைத் துளைத்து, ஆயிரம் அடிக்குக் கீழேயும் நீரைத் தேடும் ஊர் அது. மாலத்தீவிலோ சில அடி தோண்டினாலே நல்ல நீர் வந்துவிடும். ஆனால் இன்னும் கொஞ்சம் தோண்டினால் உப்பு நீர்! நம்மூரில் ஆழம் போகப் போக நம்பிக்கை. அங்கே ஆழம் போகப் போக ஆபத்து.

காரணம் எளிய பௌதிகம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உள்ளே ஏற்கனவே ஊறியிருக்கும் கடல்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நல்ல நீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 பங்கு எழும்பி நிற்க வேண்டுமானால், கீழே 40 பங்கு அமிழ்ந்திருக்க வேண்டும். பனிக்கட்டி நீரில் மிதப்பதைப் போன்ற கணக்குத்தான். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கிணற்றில் நீரை இறைத்து மேல்மட்டத்தை 10 சென்டிமீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்பு நீர் 4 மீட்டர் ஏறி வர இடமுண்டு. வில்லையே சில மீட்டர் தடிமன்தான் என்றால் கிணறு என்ன ஆகும்?

மாலே நகரில் அதுதான் நடந்தது. மக்கள் பெருகப் பெருக நிலத்தடி நீர் உப்பாகிப் போயிற்று. 1988 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை நம்பி வாழ்கிறார்கள். 2014 டிசம்பர் 4-ஆம் நாள் அந்த ஆலையில் தீப்பிடித்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிநீரின்றித் தவித்தனர். மறுநாளே இந்திய விமானங்கள் தண்ணீரைச் சுமந்து சென்றன; கடற்படைக் கப்பல்களும் போயின.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோதும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். இவ்வளவு தாழ்ந்த நாட்டில் இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கலாம். தீவுகளின் பக்கங்கள் ஆழ்கடலில் இருந்து சுவர்போல் செங்குத்தாக எழுவதால், நம் நாகப்பட்டினக் கரையில் எழும்பியது போல அலை அங்கே உயர்ந்து எழும்ப இடமில்லை. ஆனால் பல தீவுகளில் கடல் மேலேறிப் போனதில் கிணறுகள் உப்பாகிவிட்டன.

சோழி, மாசி, சுற்றுலா

மண் மெல்லிய மணல், ஆறில்லை, கனிமமில்லை. தென்னையும் ஈரப்பலாவும் சில கிழங்குகளும் தவிரப் பெரிய பயிர் எதுவும் விளைவதில்லை. அப்படியானால் இந்த நாடு எதை விற்றுப் பிழைத்தது?

முதலில் சோழி. பல்லாங்குழியில் நாம் போட்டு ஆடும் அதே சோழி, வங்காளத்தில் பல நூற்றாண்டுகள் நாணயமாகச் செலாவணியில் இருந்தது. மாலத்தீவின் ஆழமற்ற நீரில் அது ஏராளமாகக் கிடைத்தது. தீவுகள் சோழியையும் தென்னங்கயிற்றையும் கொடுத்து அரிசியும் துணியும் வாங்கின. 1340-களில் அங்கே நீதிபதியாக இருந்த யாத்திரிகர் இபன் பதூதா இவ்வணிகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கும் முன்பே, இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி கடலிலுள்ள பழந்தீவுகள் பன்னீராயிரத்தை அவன் கைக்கொண்டதாகக் கூறுகிறது. அவை மாலத்தீவே என்பது வரலாற்று அறிஞர் பலரின் கருத்து.

அடுத்தது சூரை மீன். நிலம் 300 சதுரக் கிலோமீட்டர். ஆனால் அந்நாட்டுக்கு உரிமையுள்ள கடற்பரப்போ 9 லட்சம் சதுரக் கிலோமீட்டர். நிலத்தைப் போல மூவாயிரம் மடங்கு! மாலத்தீவு மீனவர் சூரையைத் தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகப் பிடிப்பவர்கள். உயிருள்ள சிறு மீன்களை இரையாக நீரில் இறைத்துச் சூரைக் கூட்டத்தைப் படகருகே இழுத்து, கழியை வீசி வீசித் தூக்கிப் போடுகிறார்கள். வலையைவிட மெதுவான முறைதான். ஆனால் வேண்டாத உயிர்கள் அதில் சாவதில்லை. பிடித்த மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டையைப் போல் காயவைத்தால் மாசிக் கருவாடு. தூத்துக்குடிச் சமையற்கட்டிலும் யாழ்ப்பாணச் சம்பலிலும் அதன் மணம் உண்டு. திவேகியில் மீனுக்கே 'மஸ்' என்றுதான் பெயர். அவர்களுடைய படகுக்குப் பெயர் 'தோனி'. நம் தோணியை நினைவூட்டுகிறதல்லவா?

மூன்றாவதாக வந்ததே சுற்றுலா. 1972-இல் முதல் விடுதி திறந்தது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது அவர்கள் வகுத்த வழி. சோழியும் கயிறும் கருவாடும் ஈட்டித் தந்ததைவிட, வெறும் மணலும் நீல நீரும் பன்மடங்கு ஈட்டித் தந்தன. இன்று அந்நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பகுதி இதிலிருந்தே வருகிறது.

கோழியும் பவளமும் செய்யும் ஒரே வேலை

இனி நம் பக்கம் திரும்புவோம். 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமான நாமக்கல், அதற்கு முன் சேலம் மாவட்டத்தின் பகுதி. மழை குறைந்த சமவெளி, வறண்ட காற்று. நெல்லுக்குப் பாதகமான இந்த வறட்சி கோழிக்குச் சாதகமாயிற்று. ஈரம் குறைந்த இடத்தில் கோழி நோய்களும் குறைவு. 1970-களுக்குப் பின் பண்ணைகள் பெருகின. 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றியது. 1985-இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. இப்போது நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டைகள் இங்கிருந்து லாரி ஏறுகின்றன.

கோழித் தீவனத்தில் மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் முக்கியம். அவற்றில் பெரும்பங்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வருகிறது. இன்னொன்றும் சேர்க்கிறார்கள்: கிளிஞ்சல் தூள் அல்லது சுண்ணாம்புக் கல் குருணை. ஏன்? முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு கால்சியம் கார்பனேட். ஓர் ஓட்டின் எடை 5 முதல் 6 கிராம். ஆண்டுக்கு முந்நூறு முட்டையிடும் கோழி ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான சுண்ணாம்பை உருவாக்கி வெளியே தள்ளுகிறது. அதன் உடல் எடையே அவ்வளவுதான்!

ஆக, நாமக்கல்லிலிருந்து மாலத்தீவுக்குப் போகும் ஒவ்வொரு முட்டையும் எந்தப் பொருளால் மூடப்பட்டிருக்கிறதோ, அந்தத் தீவும் அதே பொருளால்தான் ஆகியிருக்கிறது. சங்ககிரியில் சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக் கல்லும் அதுவே. பூமிக்குள் வெந்து படிகமானது மட்டுமே வேறுபாடு. முட்டை ஓட்டையும் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலையும் தனித்தனிக் குவளையில் வினிகரில் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரிக் குமிழ்கள் எழும். அது கரியமில வாயு.

கோழி தன் இரத்தத்திலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்து, சுமார் 20 மணி நேரத்தில் ஓட்டைக் கட்டி முடிக்கிறது. பவள உயிரி கடல்நீரிலிருந்து அவ்விரண்டையும் எடுத்துத் தன் கூட்டைக் கட்டுகிறது. இருவருக்கும் ஒரே இடத்தில்தான் தொல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் சேலம், நாமக்கல் வெயில் 40 டிகிரியை நெருங்கும்போது கோழிகள் அலகைத் திறந்து இளைப்பதைக் காணலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை; மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்க வேண்டும். அப்படி இரைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. கார்பனேட்டுக்கு மூலப்பொருள் குறைகிறது. கோழி தீவனமும் குறைவாகத் தின்கிறது. விளைவு: ஓடு மெலிந்து, தட்டில் அடுக்கும்போதே விரிசல் விடும் முட்டைகள். முந்நூறு கிலோமீட்டர் லாரியிலும் பிறகு கப்பலிலும் போக வேண்டிய முட்டைக்கு இது சிறிய குறையன்று.

கடலில் நடப்பது நேர்மாறு. நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும் வெளிவிடும் கரியமில வாயுவில் ஒரு பகுதி கடலில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த கடலின் மேற்பரப்பு பி.எச். இப்போது 8.1 அளவில் உள்ளது. அமிலம் கூடக் கூட, நீரிலுள்ள கார்பனேட் பைகார்பனேட்டாக மாறிப் பவளத்துக்குக் கிடைக்காமல் போகிறது. கோழிக்குக் கரியமில வாயு குறைந்ததால் தொல்லை. பவளத்துக்கு அது கூடியதால் தொல்லை. வெயிலோ இருவருக்கும் பகை. கடல் சூடேறினால், பவளத்துக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசி அதைவிட்டு நீங்குகிறது. பவளம் வெளுத்துச் சாகிறது. 1998-இல் மாலத்தீவின் ஆழமற்ற நீர்ப் பவளங்களில் பெரும்பகுதி இவ்வாறு அழிந்தது. மெல்ல மீண்டு வந்தபோது 2016-இல் மீண்டும் ஓர் அடி விழுந்தது.

ஒற்றைக் காலில் நிற்பது

மாலத்தீவையும் நாமக்கல்லையும் அருகருகே வைத்தால் இன்னொரு ஒற்றுமையும் தெரிகிறது. இரண்டும் ஒரே தொழிலில் பெரும் பளுவை வைத்து நிற்பவை. 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, நோய் இல்லாத நாமக்கல்லின் முட்டை ஏற்றுமதியும் தடைப்பட்டது, விலை வீழ்ந்தது. கொரோனா பரவிய 2020-இல் மாலத்தீவு மார்ச் முதல் ஜூலை நடுப்பகுதி வரை பயணிகளுக்குக் கதவை மூடியது. அந்த ஓராண்டில் அந்நாட்டின் மொத்த உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. நாமக்கல்லுக்கு விசைத்தறி, லாரிக் கூண்டு கட்டும் தொழில், மரவள்ளி என்று ஊன்றிக்கொள்ள வேறு சில கோல்கள் உண்டு. தீவுக்கு மீன் ஒன்றே உண்டு.

ஏறும் கடலும் நிற்கும் தீவும்

ஐ.நா. காலநிலைக் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, 2006 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் ஏறியதாகக் கூறுகிறது. இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் ஏற்றம் 30 சென்டிமீட்டர் அளவோடு நிற்குமா, ஒரு மீட்டரை எட்டுமா என்பது உலகம் எவ்வளவு கரியை எரிக்கும் என்பதைப் பொறுத்தது. சராசரி உயரம் ஒன்றரை மீட்டர் உள்ள நாட்டுக்கு ஒரு மீட்டர் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

இன்ன ஆண்டில் மாலத்தீவு மூழ்கிவிடும் என்று நாள் குறித்துச் சொல்வோர் உண்டு. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பழைய வான்படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர்கள், பவளத் தீவுகள் பலவற்றின் பரப்பு குறையவில்லை என்றும், சில வளர்ந்தும் இருக்கின்றன என்றும் கண்டார்கள். பவளத் தீவு செத்த பாறையன்று. அலை புதிய மணலைக் கொண்டுவந்து கொட்டும் வரை அது தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளும். ஆனால் அந்த மணல் உயிருள்ள பவளத்திலிருந்தும் கிளிமீனிடமிருந்தும் வர வேண்டும். பவளம் செத்தால் மணல் வரத்து நிற்கும். அப்புறம் கடல் ஏறுவதுதான் மிச்சம். மேலும், கான்கிரீட் சுவர் எழுப்பிய தீவில் அலை மணல் கொட்ட வழியே இல்லை.

மாலேயைச் சுவர்தான் காக்கிறது. 1987 ஏப்ரலில் பேரலைகள் புகுந்து நகரை நனைத்த பிறகு, ஜப்பானிய உதவியுடன் சுற்றிலும் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். 2004 சுனாமியில் அது கைகொடுத்தது. 1997-இல் மாலேக்கு அருகே கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டி ஹுல்ஹுமாலே என்ற புதுத் தீவை உண்டாக்கத் தொடங்கினார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் என்று முன்கூட்டியே கணக்கிட்டு எழுப்பிய நிலம் அது. இப்போது அங்கே அடுக்கு மாடி வீடுகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. அவற்றுக்கு வேண்டிய ஜல்லி கடல் கடந்துதான் வருகிறது.